மெழுகு உருகிய குழாய்கள்: செய்யூர் ரேடியோவும் கண்டென்சர் வேட்டையும்

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேண்டுகோள். ஊர்ல தாத்தா வீட்டுப் பரண்ல பழைய வால்வு ரேடியோ ஏதாவது இருந்தா, "வேலை செய்யுதான்னு பார்ப்போமே"ன்னு ப்ளக்கை மட்டும் சொருகிடாதீங்க. இந்த எபிசோடை முழுசா கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

வீட்டு சீலிங் ஃபேன் மெதுவா சுத்தினா எலக்ட்ரீஷியன் வந்து என்ன சொல்வார்? "கண்டென்சர் போயிருக்கு சார்." அதேதான் இன்னைக்கு நம்ம சப்ஜெக்ட். பள்ளிக்கூடப் புத்தகத்துல மின்தேக்கி, இன்ஜினியரிங் காலேஜ்ல கெபாசிட்டர், தெருவுல கண்டென்சர். மூணும் ஒண்ணுதான். இதுல பழசு தெருப் பெயர்தான். 1780களில் இத்தாலிக்காரர் வோல்ட்டா வைத்த பெயர் அது. ஆங்கிலப் பாடப்புத்தகங்கள் எப்பவோ அதைக் கைவிட்டுவிட்டன, நம்ம மெக்கானிக்குகள் விடல. நானும் இந்த எபிசோட்ல அவங்க பக்கம்தான்.

ஒரு பழைய ரேடியோவில் முதலில் சாவது கண்டென்சர். வால்வு இல்லை. கண்ணாடிக்குள்ள சிவப்பா எரியுற அந்த வால்வைத்தான் எல்லாரும் போட்டோ எடுப்பாங்க, ஆனா அது அறுபது எழுபது வருஷம் கழிச்சும் உயிரோடு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அடியில, சேஸிஸுக்குக் கீழே, விரல் தடிமனுக்கு மெழுகு பூசின காகிதக் குழாய்கள் வரிசையா இருக்கும். அதுதான் அன்றைய கண்டென்சர். ரெண்டு நீள அலுமினியத் தகடு, நடுவுல மெல்லிய காகிதம், எல்லாத்தையும் பாய் மாதிரி சுருட்டி, மெழுகுல ஊற வச்சு, அட்டைக் குழாயில போட்டு, ரெண்டு முனையையும் மெழுகால அடைச்சது. பிலிப்ஸ் மாதிரி சிலர் மெழுகுக்குப் பதிலா தாரைப் பூசினாங்க. இங்கிலாந்துக் குளிருக்கு அது போதும். மே மாசத்துச் செய்யூருக்கு?

செய்யூர் எங்க இருக்குன்னு தெரியாதவங்களுக்கு: ஈசிஆர்ல மாமல்லபுரம் தாண்டித் தெற்கே போனா, மதுராந்தகத்துக்கும் கடலுக்கும் நடுவுல வர்ற ஊர். இப்போ செங்கல்பட்டு மாவட்டத்துல ஒரு தாலுகா. பக்கத்துல ஓதியூர் ஏரின்னு சொல்ற கழிமுகம், உப்பளங்கள், இன்னும் தெற்கே கடப்பாக்கத்துல இடிஞ்ச ஆலம்பரைக் கோட்டை. காத்துலயே உப்பு இருக்கு. இரும்பு சேஸிஸ் துருப்பிடிக்கும், செம்புக் கம்பி பச்சை பூக்கும். வெயில்ல மெழுகு இளகும், இளகின இடத்துல ஈரம் உள்ள போகும். காகிதம் ஈரத்தை விடவே விடாது.

ஈரம் போனா என்ன ஆகும்? சாஃப்ட்வேர்ல மெமரி லீக் கேள்விப்பட்டிருப்பீங்க. இங்கேயும் லீக்தான், ஆனா புகை வரும். கண்டென்சரின் வேலை டிசி கரண்டை நிறுத்திட்டு பாட்டு சிக்னலை மட்டும் கடத்துறது. முதல் வால்வுல சுமார் 100 வோல்ட் இருக்குன்னு வைங்க. அடுத்த வால்வு, அதாவது ஸ்பீக்கரை ஓட்டுற பெரிய வால்வு, தன் கிரிட்ல மைனஸ் 7 வோல்ட் மாதிரி இருந்தாத்தான் அடக்கமா வேலை செய்யும். ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறதுதான் கப்ளிங் கண்டென்சர். ஆரோக்கியமா இருக்கும்போது அதன் தடை ஆயிரக்கணக்கான மெகாஓம். ஈரம் புகுந்து 10 மெகாஓமுக்கு இறங்கிடுச்சு, கிரிட்லேர்ந்து கீழே ஒரு 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கு. கணக்குப் போடுங்க: 100 வோல்ட்ல பதினொன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 9 வோல்ட், கிரிட்ல வந்து உட்காரும். மைனஸ் 7 போய் பிளஸ் 2. வால்வு கட்டுப்பாடு இல்லாம கரண்டை இழுக்கும், உள்ளே இருக்கிற தகடு சிவக்கும், கடைசியில அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் தலைமுடி மாதிரிக் கம்பி எரிஞ்சு போகும்.

இதுல கொடுமை என்னன்னா, முதல் பத்து நிமிஷம் ரேடியோ பாடும். "அட, தாத்தா ரேடியோ ஓடுது"ன்னு வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுற நேரத்துலதான் உள்ளே அது செத்துக்கிட்டிருக்கும். போன கண்டென்சர் பத்து இருபது ரூபாய்ச் சாமான். எரிஞ்ச டிரான்ஸ்ஃபார்மருக்கு இன்னைக்குக் கடை கிடையாது, யாராவது உட்கார்ந்து கையால சுத்தித் தரணும்.

சரி, இந்தக் குழாய்கள் இங்கே எப்படி வந்தன? தமிழ்நாட்டு ரேடியோ கதை வழக்கமா 1924ல ஆரம்பிக்கும். அந்த வருஷம் மே 16 அன்று சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கியது. ஜூலை 31ல ஒலிபரப்பு. பம்பாயில் கம்பெனி நிலையம் வருவதற்கு மூணு வருஷம் முன்னாடியே சென்னையில் ஆர்வலர்கள் பாட்டு ஒலிபரப்பினாங்க. பணம் இல்லாம 1927ல கிளப் நின்னுபோச்சு. டிரான்ஸ்மிட்டர் சென்னை மாநகராட்சிக்குப் போய், 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே வானொலி நடத்தியது. மெரினாவில் ஒலிபெருக்கி கட்டி ஜனங்களைக் கேட்க வச்சாங்க. 1938 ஜூன் 16ல அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. இந்த வரிசையைப் பல இடத்துல படிச்சிருப்பீங்க. ஆனா இந்தக் கதைகள்ல ரேடியோ பெட்டி எப்பவும் கப்பல்ல வந்து இறங்கின முழுப் பொருளாத்தான் இருக்கும். அது யாரால ஓடிக்கிட்டே இருந்ததுன்னு யாரும் கேட்கிறதில்லை.

எனக்குப் பிடிச்ச கதை வேற. அது சென்னைக்கு வடக்கே கூடூர்ல தொடங்குது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டம். அங்கே காக்காப்பொன் சுரங்கங்கள் இருந்தன. மைக்கா, அபிரகம்னும் சொல்வாங்க. ஏடு ஏடா உரியும், சூடு தாங்கும், முக்கியமா தண்ணியை உறிஞ்சாது. தகட்டு மைக்காவுக்கு உலகத்துக்கே பெரிய சப்ளையர் அன்றைய இந்தியாதான், பீகாரின் கோடர்மாவும் நம்ம நெல்லூரும். பெண்களும் சிறுவர்களும் உட்கார்ந்து கத்தியால ஏடு பிரிப்பாங்க. அது கப்பல் ஏறி லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போய், பழுப்பு நிறத்துல தபால்தலை அளவு கண்டென்சரா மாறி, ரேடியோவுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு சென்னைத் துறைமுகத்துக்கே திரும்பி வரும். இரண்டாம் உலகப் போர்ல இந்த மைக்கா இல்லாம ராணுவ வயர்லெஸ் ஓடாதுங்கிற நிலைமை. பிரிட்டனும் அமெரிக்காவும் 1942ல இந்தியாவுல கூட்டா ஒரு மைக்கா மிஷனே நடத்தின, சரக்கு எதிரி கைக்குப் போகாம வாங்கிக் குவிக்க.

செய்யூர்லேர்ந்து வர்ற ஒரு பழைய ரேடியோவைத் திறந்தா, லண்டன் காகிதக் கண்டென்சர் செத்திருக்கும், மைக்கா கண்டென்சர் பெரும்பாலும் இன்னைக்கும் அளவு மாறாம இருக்கும். அதைத் தொடவே வேண்டாம்.

போர் முடிஞ்சதும் ராணுவத்தின் உபரி வயர்லெஸ் சாமான்கள் "டிஸ்போசல்ஸ்"ங்கிற பெயர்ல இந்தியச் சந்தைகளுக்கு வந்தன. ஒரு தலைமுறை ரேடியோ பைத்தியங்கள் அதை வச்சுத்தான் தொழில் கத்துக்கிட்டாங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் அந்நியச் செலாவணி நெருக்கடி, இறக்குமதிக் கட்டுப்பாடு. வெளிநாட்டு ஸ்பேர் பார்ட் எளிதா வராது. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961ல ரேடியோ வால்வு தயாரிக்கத் தொடங்கியது. கண்ணூர்ல கெல்ட்ரானின் கண்டென்சர் ஆலை வர 1970கள் ஆச்சு. நடுவுல இருந்த காலத்துல ஊர் மெக்கானிக்குகள் கையில இருந்ததை வச்சு ஓட்டினாங்க.

ஏன் அவ்வளவு சிரமப்பட்டு ஓட்டணும்? ஏன்னா கேட்க விஷயம் இருந்தது. 1952 வாக்குல மத்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கினார். ஜனங்க முள்ளை அப்படியே ரேடியோ சிலோனுக்குத் திருப்பிட்டாங்க. 1957 அக்டோபர்ல விவித் பாரதி வந்ததே அந்தக் கூட்டத்தைத் திரும்பப் பிடிக்கத்தான். பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941லேயே தொடங்கி 2017 வரை இருந்தது. கடற்கரை ஊர்களுக்கு இதுல ஒரு சலுகையும் உண்டு: மீடியம் வேவ் அலைகள் காய்ஞ்ச தரையைவிட உப்புத் தண்ணிக்கு மேல நல்லாப் பயணிக்கும். சிலோனைக் கொண்டுவந்து கொடுத்த அதே கடல்தான் கண்டென்சரையும் தின்னுச்சு. இத்தனைக்கும் ரேடியோ வச்சிருக்க தபால் ஆபீஸ்ல வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டணும். அந்த வழக்கம் 1980களின் நடுவுலதான் ஒழிஞ்சது.

இப்போ என் மேஜைக்கு வருவோம். செய்யூர்ல எங்க பெரியப்பா வீட்லேர்ந்து வந்த பெட்டி, பிலிப்ஸ், ஏசி டிசி செட். அதாவது மின்மாற்றி இல்லாம நேரடியா வீட்டுக் கரண்ட்ல ஓடுறது. ஊருக்கு ஊர் சப்ளை வேறயா இருந்த காலத்துல, ஏசி வந்தாலும் டிசி வந்தாலும் ஓடுறதுக்காகச் செஞ்சது. ஐந்து வால்வின் இழைகளும் ஒண்ணோட ஒண்ணு தொடரா இருக்கும், சீரியல் பல்பு மாதிரி. கரண்டின் ஒரு முனை நேரா இரும்பு சேஸிஸ்லயே இருக்கும். ப்ளக் மாத்திச் சொருகினா சேஸிஸ் முழுக்க 230 வோல்ட். நாப் கழண்டு போன ரேடியோவுல அந்த உலோகத் தண்டைத் தொட்டுத் திருப்பினீங்கன்னா, அவ்வளவுதான்.

கவிழ்த்துப் பார்த்தேன். ஒரே ரேடியோ, ஆனா நாலு காலம் உள்ளே இருக்கு. ஃபேக்டரியில போட்ட கறுப்புத் தார்க் கண்டென்சர் ரெண்டே ரெண்டு மிச்சம். இன்னொரு இடத்துல 0.05 வேணும், ரெண்டு 0.1ஐத் தொடராச் சேர்த்துப் போட்டிருக்கார் யாரோ. தொடராச் சேர்த்தா மதிப்பு பாதியாகும், தாங்குற வோல்ட் ரெண்டு மடங்காகும். சரியான கணக்கு. அப்புறம் மஞ்சள் நிறத்துல பாலியஸ்டர் ஃபிலிம் வகை ஒண்ணு. மேலே பெரிய அலுமினிய டப்பா, 32ம் 32ம் சேர்ந்த எலக்ட்ரோலிட்டிக். அது செத்ததும் அதைக் கழட்டாம அழகுக்கு அங்கேயே விட்டுட்டு, ஒயரை மட்டும் வெட்டி, அடியில ரெண்டு கெல்ட்ரான் எலக்ட்ரோலிட்டிக்கைக் கட்டியிருக்கார் இன்னொருத்தர். சால்டரிங் கை வேற, முடிச்சுப் போடுற விதம் வேற. கிட் லாக் பார்க்கிற மாதிரி, யார் எப்போ எதை மாத்தினாங்கன்னு படிச்சுக்கிட்டே போகலாம். பெட்டியின் பின்பலகையில பென்சில்ல ஒரு கையெழுத்து, பாதி அழிஞ்சது.

வெளிநாட்டு ரேடியோ சேகரிப்பாளர்கள் ஒரு வித்தை செய்வாங்க. பழைய மெழுகுக் குழாயைச் சூடாக்கி, உள்ளே இருக்கிறதை உருவிட்டு, சின்னப் புது ஃபிலிம் கண்டென்சரை உள்ளே வச்சு, திரும்ப மெழுகு ஊத்திடுவாங்க. பார்த்தா 1948ல வந்த மாதிரியே இருக்கும். கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனா செய்யூர்ப் பெட்டிக்கு அது பொருந்தாதுன்னு நினைக்கிறேன். எந்த வருஷத்துக்கு நான் திரும்பிப் போகணும்? ஃபேக்டரி வருஷத்துக்கா, 0.1ஐ ரெண்டாக் கட்டினவர் வருஷத்துக்கா, கெல்ட்ரான் வருஷத்துக்கா? "ஒரிஜினல்" ஆக்குறேன்னு எல்லாத்தையும் பிடுங்கினா, அந்தப் பெட்டியை உயிரோட வச்சிருந்த ஆட்களை நான் அழிக்கிறேன். அவங்களுக்கு வேற எந்த ஆவணமும் கிடையாது. பழைய விளம்பரங்கள்ல மர்ஃபி குழந்தை இருக்கு, மெக்கானிக் இல்லை.

அதனால நான் செஞ்சது இது. கழட்டுறதுக்கு முன்னாடி எல்லாக் கோணத்துலயும் போட்டோ. கழட்டின ஒவ்வொண்ணையும் எந்த இடத்துலேர்ந்து வந்ததுன்னு சீட்டு எழுதி ஒரு கவர்ல போட்டு, பெட்டிக்குள்ளேயே வச்சாச்சு. புதுசை ஒளிச்சு வைக்கல. பளிச்சுனு இன்றைய கண்டென்சராவே தெரியும். அஞ்சாவது காலம் அது.

வேட்டை எப்படி நடந்ததுன்னு கேட்டீங்கன்னா, சென்னையில பழைய ரேடியோ சாமானுக்கு முன்னாடி மூர் மார்க்கெட்னு ஒரு இடம் இருந்தது. 1985 மே மாசத் தீயில அது போச்சு. இப்போ மவுண்ட் ரோடு பக்கத்து ரிச்சி தெருதான். அங்கே போய் "0.05, 400 வோல்ட் இருக்கா"ன்னு கேட்டா, கடைப் பையன் லேப்டாப் சார்ஜரைத் தள்ளி வச்சுட்டு விநோதமாப் பார்ப்பான். தப்பு அவன் மேல இல்ல, அந்த எண்ணே இப்போ புழக்கத்துல இல்லை. 1950களில் உலகம் முழுக்க மதிப்புகளை ஒரே வரிசைக்குள்ள கொண்டுவந்தாங்க: 10, 22, 33, 47 இப்படி. அதனால பழைய 0.05க்கு 0.047, 0.02க்கு 0.022, எலக்ட்ரோலிட்டிக்ல 8க்கு 10, 32க்கு 33. கடைமொழியில 0.047க்குப் பெயர் 473. "473, 630 வோல்ட், பாலியஸ்டர்"னு கேட்டா டப்பாவைத் திறந்து எண்ணிக் கொடுப்பாங்க. அந்த அளவு வித்தியாசத்தை ரேடியோ கண்டுக்காது, அன்னைக்குப் போட்டதே பத்து இருபது சதவீதம் முன்னே பின்னேதான் இருக்கும். வோல்ட் மட்டும் பழசைவிடக் குறையவே கூடாது.

பழைய லேபிள்ல "எம்எம்எஃப்டி"ன்னு இருந்தா பிகோஃபாரட்னு அர்த்தம். "எம்எஃப்டி"ன்னா மைக்ரோஃபாரட். ஒரு "எம்" வித்தியாசத்துல பத்து லட்சம் மடங்கு.

எலக்ட்ரோலிட்டிக் கிடைக்காதுன்னு பயந்துதான் போனேன், ஆனா அதுதான் சுலபம். காரணம், எல்இடி பல்பு. 230 வோல்ட் ஏசியை டிசியா மாத்தினா உச்சம் 325 வோல்ட். அதனால பல்பு டிரைவர், மொபைல் சார்ஜர் எல்லாத்துலயும் 400 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் வேணும். வால்வு காலத்து வோல்டேஜ் அப்படியே நம்ம சுவத்துல இருக்கிறதால, வால்வு காலத்துக் கண்டென்சரும் கிடைக்குது. ஒரு எச்சரிக்கை: "பெருசாப் போட்டா இரைச்சல் குறையும்"னு 32 இருந்த இடத்துல 220 போடாதீங்க. ஸ்விட்ச் போட்டதும் அதை நிரப்ப ஓடுற கரண்ட், ரெக்டிஃபையர் வால்வைக் கொன்னுடும்.

இன்னொரு பொறி, "பழைய ஸ்டாக், பிரிக்காதது"ன்னு ஆன்லைன்ல விக்கிற காகிதக் கண்டென்சர்கள். ஒரு விற்பனையாளர்கிட்ட நாலு வாங்கி, சரியான வோல்ட் கொடுத்து அளந்தேன். நாலும் கசிவு. டப்பாவுக்குள்ள தூங்கினாலும் காகிதத்துக்கு வயசாகும். அலமாரியில வைக்க வாங்குங்க, ரேடியோவுல போட வேண்டாம்.

எல்லாத்தையும்விட முக்கியமான கண்டென்சர் ஏரியல் வாயில இருக்கும். ஏசி டிசி செட்ல சேஸிஸே கரண்டுன்னு சொன்னேன் இல்லையா, மொட்டை மாடியில கட்டின ஏரியல் கம்பிக்கும் அந்தக் கரண்டுக்கும் நடுவுல நிக்கிறது ஒரே ஒரு சின்னக் கண்டென்சர். அது கசிஞ்சா, துணி காயப்போடுற கொடி மாதிரித் தொங்குற கம்பியில ஷாக் அடிக்கும். இந்த இடத்துக்குச் சாதாரணக் கண்டென்சர் வேண்டாம். பாதுகாப்புக்குன்னே தர முத்திரையோட வர்ற "ஒய்-2" வகை மட்டும். பழுதாகும்போது ஷார்ட் ஆகாம இருக்கிற மாதிரி சோதிச்சு விக்கிறது அது. கடையில "எதுவானா என்ன தம்பி"ன்னு சொல்வாங்க. நின்னு கேட்டு வாங்குங்க.

முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது மெக்கானிக்குகளின் பழைய வழிதான் இன்னும் சிறந்தது: சீரிஸ் பல்பு. பழைய இழைப் பல்பு ஒண்ணைத் தொடரா வச்சு, அது வழியா ரேடியோவுக்குக் கரண்ட். உள்ளே ஏதாவது ஷார்ட் இருந்தா பல்பு பிரகாசமா எரியும், ரேடியோ தப்பிக்கும். எல்இடி பல்பு இதுக்கு உதவாது. வால்வு செட்ல கை வச்சுப் பழக்கமில்லைன்னா, பழக்கம் இருக்கிறவரைப் பக்கத்துல வச்சுக்கிட்டுச் செய்யுங்க. அணைச்ச பிறகும் கண்டென்சர்ல வோல்ட் நிக்கும்.

பெட்டி இப்போ ஓடுது. டயல்ல எண்கள் மீட்டர்ல இருக்கு, அதனால சென்னை ஏ நிலையத்தின் 720 கிலோஹெர்ட்ஸைத் தேடணும்னா 416 மீட்டர் பக்கம் முள்ளை நகர்த்தணும். என் ஃபிளாட்ல நகர்த்தினா முதல்ல கேட்கிறது ஒரு கொர்ர்ர் சத்தம்தான். எந்த எல்இடி டிரைவரும் சார்ஜரும் இந்த ரேடியோவுக்குக் கண்டென்சர் கொடுத்ததோ, அதுங்கதான் மீடியம் வேவை நிரப்பி வச்சிருக்கு. ஹால் லைட், ரூம் லைட், சார்ஜர், எல்லாத்தையும் அணைச்சாத்தான் இரைச்சல் இறங்கும். இருட்டுல உட்கார்ந்து கேட்கிறோம்.

அந்தப் பென்சில் கையெழுத்து யாருடையதுன்னு தேடிக்கிட்டிருக்கேன். செய்யூர், மதுராந்தகம், அச்சிறுபாக்கம், மரக்காணம் பக்கம் உங்க வீட்ல யாராவது ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தாங்கன்னா, அவங்க பில் புத்தகம், ஸ்பேர் டப்பா, பழைய லைசென்ஸ் புத்தகம் எதையும் எடைக்குப் போட்டுடாதீங்க. ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, அடுத்த பாகத்துல அதைப் பேசுவோம்.